கொர்வேன் தோட்டத்து ஆறு வரிசை

— ஒரு நிமிஷம் இரு, ஆன்செல்ம். பேசாதே. மூச்சுகூட விடாதே. இது என்ன சாறுடா!

— அக்கா, அதாவது வந்து…

— பேசாதேன்னேன்ல. நாக்குல வெச்சதும் முதல்ல பச்சை ஆப்பிள். அப்புறம் எலுமிச்சைத் தோல். அதுக்கப்புறம் மழை விட்டதும் சுண்ணாம்புக் கல்லுலருந்து ஒரு வாசம் வருமே, அது. முழுங்கி முடிச்ச பிறகும் போகாம நிக்குது. இருபது எண்ணிட்டேன், இன்னும் நிக்குது.

— அப்ப நல்லா இருக்குங்கிறே?

— நல்லா இருக்கா? இது என்ன ரயில்வே ஸ்டேஷன் சூப்பா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கு? இது வோஷோ வீட்டு மண்ணுடா. கொர்வேன் திராட்சைத் தோட்டத்துல நம்ம ஆறு வரிசை. அப்பா போனதுக்கப்புறம் முப்பத்தொரு அறுவடை பார்த்துட்டேன், முதல் சாறு இப்படி வந்ததே இல்ல. எவ்வளவு தெளிவா வேற இருக்கு! இப்பத்தான பிழிஞ்சே?

— துணியில வடிகட்டினேன்கா.

— ஐம்பத்தஞ்சு வயசுல உனக்குத் துணியில வடிகட்டணும்னு தோணியிருக்கு. சந்தோஷம். மெஷின் ஓடிட்டுதான இருக்கு?

— ஓடுது. சத்தம் கேக்குதுல்ல?

— சரி, ஜாடியை இங்க வை. மூணு மணிக்கு திஜோன்லருந்து ஒயினுக்குத் தரம் குறிக்கிற குழு வருது. இறங்கினதும் ஆளுக்கு ஒரு கிளாஸ் இதை நீட்டுவேன். ‘இது மேற்குப் பக்கம், எங்க ஆறு வரிசை. குடிச்சாச்சா? இப்ப அதே தோட்டத்துல கிழக்குப் பக்கம் போங்க. அங்க ஃபிர்மின் பெரோவோட ஆறு வரிசை இருக்கு. அதுக்கும் முதல் தரம்னு பட்டம் கொடுத்து வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரலையா?’ன்னு கேக்கப் போறேன்.

— பெரோ பட்டத்தைப் பறிக்கச் சொல்ற அந்த மனுவை விட்டுடலாமேக்கா. அஞ்சு வருஷமா எழுதிட்டிருக்கே.

— பதினோரு பக்கம்! ஒரு வரி வீண் இல்ல. ஏழாம் பக்கத்தைக் கேளு. ‘மேற்படி கிழக்கு ஆறு வரிசைகளின் மண் வெறும் களிமண். அதில் விளையும் ஒயின், பள்ளிக்கூடக் கரும்பலகையைக் கழுவிய தண்ணீரைப் போன்றது.’ எப்படி?

— கேட்டிருக்கேன்கா. நேத்துச் சாப்பிடுறப்பகூடப் படிச்சே.

— இன்னிக்கு அவங்க தலையாட்டிட்டாங்கன்னா, அவன் பாட்டில்ல கொர்வேன்னு பேர் போட முடியாது. வெறும் ஊர் பேர்தான்.

— அவருக்கு அந்த ஆறு வரிசையை விட்டா முதல் தரம்னு வேற எதுவும் இல்லக்கா. பட்டம் போச்சுன்னா மனுஷன் கொடியைப் பிடுங்கிட்டு முட்டைக்கோஸ்தான் போடணும்.

— போடட்டும். முட்டைக்கோஸாவது ருசியா வருதான்னு பார்ப்போம். கேட்டுக்கோ, எனக்கு அவன் மேல எந்தப் பகையும் இல்ல. ரெண்டு பேர் ஒரே பேரை பாட்டில்ல ஒட்டுறோம். அவன் கொர்வேனைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சவன், கடையில நம்ம கொர்வேனைப் பார்த்தாலும் தள்ளி வெச்சுட்டுப் போவான். இது வோஷோங்கிற பேரோட விஷயம்.

— அக்கா, நீ கொஞ்சம் உக்காரு.

— எதுக்கு?

— அந்தச் சின்னப் பீப்பாய் மேல வேண்டாம், உருண்டுடும். ஸ்டூல்ல உக்காரு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே.

— போன தடவை நீ கோவிச்சுக்காதேன்னு சொன்னப்ப டிராக்டர் குளத்துல கிடந்துச்சு.

— இது டிராக்டர் இல்ல. காலைல ஒரே பனிமூட்டம், தெரியும்ல? கையை நீட்டினா விரல் தெரியல. ஆளுங்களைக் கூட்டிட்டு கொர்வேனுக்குப் போனேன். மொத்தம் பன்னிரண்டு வரிசையில ஆறு மொட்டையா இருந்துச்சு, ஆறு பழத்தோட இருந்துச்சு. நடுவுல வேலியா இருக்கு, பார்த்துத் தெரிஞ்சுக்க? பெரோ நேத்தே பறிச்சு முடிச்சுட்டார்னு ஊருக்கே தெரியும். அப்ப மொட்டையா நிக்கிறது அவரோடது, பழம் இருக்கிறது நம்மளோடதுன்னு…

— சரியாத்தான யோசிச்சிருக்கே. அதிசயம்.

— எல்லாத்தையும் பறிச்சு வண்டியில ஏத்தி அனுப்பின பிறகுதான் பனி விலகிச்சு. நிமிர்ந்து பார்த்தா, மொட்டையா இருந்த வரிசைத் தலைமாட்டுல பீச் மரம் நிக்குது.

— எந்தப் பீச் மரம்?

— நம்ம பீச் மரம்கா. மேற்கு மூலையில அப்பா வெச்சது. கொர்வேன்ல வேற பீச் மரம் ஏது?

— அப்ப மொட்டையா இருந்தது…

— நம்ம வரிசை.

— நீ பறிச்சது?

— கிழக்கு. பெரோவோடது.

— இந்த ஜாடியில இருக்கிறது?

— அதாவது வந்துக்கா…

— த்தூ!

— ஐயோ, என் சட்டை!

— கசக்குதுடா! அப்பவே நினைச்சேன். அடியில ஒரு கசப்பு ஓடுது, ஈரச் சாக்கு மாதிரி.

— இருபது எண்ணினியே?

— வாயை விட்டுப் போக மாட்டேங்குதேன்னு எண்ணினேன். பல்லு வலிச்சாக்கூடத்தான் எண்ணுறோம்.

— எலுமிச்சைன்னு சொன்னே.

— தோல்னு சொன்னேன். எலுமிச்சைத் தோலை எவனாவது ஆசையாக் கடிச்சுத் தின்பானா? என் நாக்கு பொய் சொல்லாது, ஆன்செல்ம். உனக்குத்தான் கேக்கத் தெரியல. இரு இரு. நீ அவனோடதைப் பறிச்சே. அப்ப நம்மளோடதை யாரு பறிச்சா?

— நேத்து கொர்வேன்ல ஒருத்தர்தான பறிச்சார்.

— ஃபிர்மின் பெரோ! திருட்டுப் பய! நோட்டரி ஆபீஸ்ல முப்பது வருஷம் கிளார்க்கா உக்காந்து அடுத்தவன் நிலத்தைப் பத்தி எழுதி எழுதி, இப்ப நம்ம நிலத்துலயே கையை வெச்சுட்டானா? போலீஸைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு. ஏன் மரம் மாதிரி நிக்கிறே?

— வந்தா முதல்ல என்ன கேப்பாங்க? ‘அவர் திராட்சை எங்கே?’ன்னு கேப்பாங்க.

— எங்கே?

— நம்ம மெஷின்ல.

— கடவுளே.

— அதைத்தான்கா நானும் சொல்ல வந்தேன்.

— பதினோரு பக்கம் எழுதியிருக்கேன்டா, அந்தப் பழம் பன்னிக்குக்கூட ஆகாதுன்னு. மூணு மணிக்கு அவங்க வந்து பார்த்தா அதே பழத்தை நான் என் மெஷின்ல போட்டுப் பிழிஞ்சுட்டிருக்கேன்! இந்த ஊர்ல இனிமே நான் ரொட்டி வாங்கப் போக முடியுமா? ரொட்டிக்கடைக்காரி பொண்டாட்டி… அவளே ரொட்டிக்கடைக்காரிதான்… அவ சும்மா விடுவாளா என்னை? மெஷினை நிறுத்து. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டு.

— கொட்டினா இந்த வருஷம் நமக்கு கொர்வேனே இல்ல.

— அப்ப கொட்டாதே. ஆளுங்களை வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு.

— அவங்க போலந்துக்காரங்கக்கா. வாயைத் திறந்தாலும் ஒருத்தருக்கும் புரியாது.

— குருவி தின்னுடுச்சுன்னு சொன்னா?

— ஆறு வரிசையையும்? காம்பைக் கத்திரியால வெட்டியா?

— வாசல்ல யாருடா அது, தட்டுறது?

— பெரோ மாதிரி இருக்கு. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுட்டு நிக்கிறார்.

— அவனேதான். ஜாடியை ஒளி. இல்ல, ஒளிக்காதே. ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும். அவன்தான் திருடன், நினைவு வெச்சுக்கோ. நாம கம்பீரமா இருக்கணும். சட்டையைத் துடைச்சுக்கோ. வாங்க, முசியே பெரோ!

— வணக்கம், மதாம் வோஷோ. வணக்கம், ஆன்செல்ம். அறுவடை நாளில் வந்து தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். நின்றுகொண்டே பேசுகிறேன், நான் சொல்லவேண்டியது உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

— சொல்லுங்க, கேக்குறோம்.

— முதலில் ஒரு சிறு சந்தேகம். தங்கள் வரிசைகள் பறித்து முடிந்துவிட்டனவா?

— முடிஞ்சுது. ரொம்ப அருமையா முடிஞ்சுது. ஏன் கேக்குறீங்க?

— தோட்டத்தில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் தங்கள் கண்ணில் படவில்லையே?

— பனிதான் பட்டுச்சு. இல்லடா ஆன்செல்ம்?

— பனி. நிறையப் பனி.

— அந்த ஜாடியில் இருப்பது இன்றைய சாறுதானே, மதாம்? தவறாக நினைக்காவிட்டால், ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமா?

— ஒரு வாய்தான? குடிங்க. டேய், ஊத்திக் கொடு.

— நன்றி, ஆன்செல்ம்… ம். …ம்.

— என்ன ம்?

— சொல்ல வெட்கமாக இருக்கிறது, மதாம். என் தொட்டியில் ஒரு வருஷம்கூட இப்படி ஒரு சாறு விழுந்ததில்லை. முப்பத்தொரு வருஷமாக நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேனோ அது இந்தக் கிளாசில் இருக்கிறது.

— அதுக்குக் கை வேணும், முசியே பெரோ.

— கை வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். கை வேறு, மண் வேறு என்பதையும் இன்று தெரிந்துகொண்டேன். நான் சொல்ல வந்ததே மண்ணைப் பற்றித்தான். மனுவின் ஒன்பதாம் பக்கத்தில், எல்லையை அளந்து பார்க்க வேண்டும் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள்.

— கேட்டேன். அளந்தா நீங்க ஒரு முழம் உள்ள வந்திருக்கிறது தெரியும்னு கேட்டேன்.

— அளந்துவிட்டார்கள். எதிர்மனுதாரன் என்ற முறையில் எனக்குப் போன வாரம் வரைபடம் வந்தது. தங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும்.

— எனக்கு ஒண்ணும் வரலையே?

— அக்கா, கோவிச்சுக்காதே. ஒரு பழுப்புக் கவர் வந்துச்சு. மூணாம் நம்பர் பீப்பாய் ஆடிட்டே இருந்துச்சா, மடிச்சு அடியில சொருகிட்டேன்.

— எடுத்துட்டு வா!

— பீப்பாய் ஒழுகிச்சுல்ல போன வாரம். கூழாப் போச்சு.

— பரவாயில்லை, மதாம். என்னுடையது இதோ இருக்கிறது. கண்ணாடி எடுத்து வரட்டுமா?

— எனக்கெதுக்குக் கண்ணாடி? எல்லாம் நல்லாத் தெரியுது. இந்தச் சதுரம் என்ன?

— அதுதான் மூலக்கல். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பக்கத்திலேயே எழுதியிருக்கிறது பாருங்கள்.

— ஆன்செல்ம், படி.

— ‘வோஷோ’ன்னு போட்டிருக்குக்கா.

— எங்கப்பா நட்ட கல்லு! இரு, ஒரு முத்தம் கொடுத்துக்கிறேன். அப்பா, பார்த்தியா, உன் பொண்ணு உன் மண்ணுக்காக எப்படிப் போராடுறான்னு… சரி, மேல சொல்லுங்க.

— அந்தக் கல்லிலிருந்து கிழக்கே ஆறு கோடுகள் போகின்றன. அவற்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஆன்செல்ம்?

— வோஷோ, வோஷோ, வோஷோ… எல்லாமே வோஷோதான்.

— மேற்கே?

— பெரோ. அதுலயும் எல்லாமே பெரோ.

— இருங்க. கிழக்கு எப்படி வோஷோ ஆகும்? கிழக்கு உங்களோடதுல்ல?

— நானும் அப்படித்தான் நம்பினேன், மதாம். தங்கள் அப்பாவும் என் அப்பாவும் அந்தப் பெரிய உறைபனிக்குப் பிறகு ஒரே சமயத்தில் கொடிகளைப் பிடுங்கி, ஒரே சமயத்தில் புதிதாக நட்டார்கள். வேலி கிடையாது. வேலை முடிந்த பிறகு இருவரும் நிறையக் குடித்திருந்தார்கள் என்று கேள்வி. அன்றே பக்கம் மாறிவிட்டது. அப்போது முதல் தங்கள் வரிசைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வரிசைகளைத் தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இது தெரிந்த பிறகு தவறான வரிசையில் கத்திரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நேற்று மேற்குப் பக்கத்தைப் பறித்தேன். முன்கூட்டியே வந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன்.

— அப்படின்னா, ஆன்செல்ம் இன்னிக்குப் பறிச்சுட்டு வந்தது…

— தங்கள் சொந்த மண்ணிலிருந்துதான், மதாம். தாங்கள் பார்த்த முப்பத்தொரு அறுவடைகளில் முதல் தடவையாக.

— டேய், அந்தக் கிளாஸை இப்படிக் கொடு.

— அதுல ஈரச் சாக்கு வாசம் வருதே, அக்கா?

— கொடுடான்னா! …ஹா. பார்த்தியா? பச்சை ஆப்பிள். இப்ப சொல்லு. எலுமிச்சைத் தோல். சுண்ணாம்புக் கல்லு. எங்கப்பாவே கிளாஸ்ல இறங்கி வந்து நிக்கிற மாதிரி இருக்கு. முதல் வாய்லயே சொன்னேனா இல்லையா, இது வோஷோ மண்ணுன்னு? வரைபடம் வர்றதுக்கு முன்னாடி என் நாக்கு கண்டுபிடிச்சுடுச்சு!

— நடுவுல துப்பினியே, என் சட்டையில?

— அது உன் பேச்சைக் கேட்டதால வந்த கசப்பு. நாக்கு மேல தப்பு இல்ல.

— தங்கள் நாக்கைப் பற்றி எனக்கு எப்போதும் மரியாதை உண்டு, மதாம். சரி, நான் வந்த வேலை முடிந்தது. மூன்று மணிக்குக் குழு வரும்போது நானும் வந்துவிடுகிறேன்.

— எதுக்கு?

— தங்களுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லத்தான். கிழக்கு ஆறு வரிசைகளைப் பற்றித் தாங்கள் எழுதிய பதினோரு பக்கங்களும் அட்சரம் பிசகாத உண்மை என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஐந்து வருஷம் எதிர்த்தது என் அறியாமை.

— கிழக்கு ஆறு வரிசை…

— களிமண். கரும்பலகை. பன்றிகள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

— பேசாதீங்க! ஆன்செல்ம், அது இப்ப நம்மளோடதுடா!

— ஆமாக்கா. மனு பாஸாச்சுன்னா பட்டம் போறது நமக்குத்தான்.

— என் கையாலயே எழுதியிருக்கேனே, பாவி! முசியே பெரோ, கொஞ்சம் உக்காருங்க. ஏன் நிக்கிறீங்க? ஸ்டூலைத் துடைச்சுப் போடுடா. சீஸ் சாப்பிடுறீங்களா? நல்ல கொம்தே இருக்கு, ரெண்டு வருஷம் பழசு. மனுவைத் திரும்ப வாங்கிக்க முடியாதா? உங்களுக்குத்தான் சட்டமெல்லாம் தெரியுமே.

— முடியும். பன்னிரண்டு மணிக்குள் குழுவின் செயலரிடம் கடிதம் போய்ச் சேர வேண்டும். மேயர் ஆபீசில்தான் இருக்கிறார். எதிர்மனுதாரனின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும்.

— போடுவீங்கல்ல?

— தங்கள் இஷ்டம்தான் என் இஷ்டம், மதாம். ஒன்று மட்டும்: காரணம் எழுதியாக வேண்டும். ‘கிழக்கு ஆறு வரிசைகளின் சாற்றை இன்று நானே அருந்திப் பார்த்தேன், அது முதல் தரத்துக்குப் போதுமானது’ என்று ஒரு வரி.

— பேனா கொடுடா. ‘போதுமானது’? என் மண்ணைப் பத்தியா? ‘ஈடு இணையற்றது.’ எழுதிட்டேன்.

— அவ்வளவு தேவையில்லை, மதாம். ‘நல்லது’ என்றாலே…

— சும்மா இருங்க. ‘கொர்வேன் முழுவதிலும் மிகச் சிறந்தது.’ அடிக்கோடு போடுறேன்.

— களிமண் என்று எழுதியதை?

— ‘களிமண் என்று முன்பு குறிப்பிட்டது, மழைக்காலத்தில் பார்த்ததால் நேர்ந்த பிழை.’ சரியா?

— மிக நேர்த்தி. குழு இன்னொன்றும் கேட்கும். ஒரு வருஷச் சாறு போதாது, இதுவரை அந்த வரிசைகளிலிருந்து வந்த ஒயின் எப்படி என்று கேட்பார்கள்.

— இதுவரை வந்த ஒயின்…

— நான் செய்ததுதான், மதாம். முப்பத்தொரு வருஷமும்.

— அதையும் எழுதணுமா?

— எழுதாமலும் விடலாம். ஆனால் அவர்களிடம் தங்கள் ஏழாம் பக்கம் இருக்கிறது.

— ஆன்செல்ம், என் கை வர மாட்டேங்குது.

— உன் மண்ணுக்காகக்கா.

— சரி. சொல்லுங்க.

— ‘ஃபிர்மின் பெரோ இந்த வரிசைகளிலிருந்து செய்துவரும் ஒயின்கள்…’

— ‘ஃபிர்மின்… பெரோ… செய்துவரும்… ஒயின்கள்…’ அப்புறம்?

— அதற்கு மேல் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

— ‘நன்று.’

— ‘ஈடு இணையற்ற மண்ணிலிருந்து வர்ற ஒயின் வெறும் நன்றா?’ன்னு கேப்பாங்கக்கா.

— வாயை மூடு. ‘மிக நன்று.’ போதும், அதுக்கு மேல எழுதினா எனக்குக் காய்ச்சல் வந்துடும். ‘இந்தப் பொருளை இனி ஒருபோதும் எழுப்ப மாட்டேன். சொலான்ஜ் வோஷோ.’ நீங்க கையெழுத்துப் போடுங்க.

— இதோ.

— இன்னொரு விஷயம், முசியே பெரோ. இந்த வரைபடம் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. வோஷோ வீட்டு கொர்வேன் இத்தனை வருஷமா பெரோ மண்ணுல விளைஞ்சதுன்னு தெரிஞ்சா என் பேரு என்னாகிறது? ரெண்டு பக்கமும் முதல் தரமாவே இருக்கட்டும். அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி நான் மேற்கைப் பறிக்கிறேன், நீங்க கிழக்கைப் பறிங்க. ஆன்செல்ம் பேரனுங்க காலத்துல யாராவது சரி பண்ணிக்கட்டும்.

— தங்கள் பெருந்தன்மை, மதாம்.

— பெருந்தன்மை எல்லாம் ஒண்ணும் இல்ல. மணி பதினொண்ணேகால். டேய், சைக்கிள்ல காத்து இருக்கா?

— காலைலயே அடிச்சு வெச்சுட்டேன்கா.

— இன்னிக்கு உனக்கு என்னதான் ஆச்சு, துணியில வடிகட்டுறே, காத்தடிக்கிறே! நான் போயிட்டு வர்றேன். ஜாடியை மூடி வை, ஈ விழுந்துடப் போகுது. எங்கப்பா மண்ணு அது.

— பார்த்துப் போக்கா. திருப்பத்துல டிராக்டர் வரும்.

— …மதாம் போய்விட்டார்களா, ஆன்செல்ம்?

— சர்ச் தாண்டிட்டா. உக்காருங்க. உங்க முகம் வெளுத்துப் போயிருக்கு.

— என் வாழ்நாளில் நான் பொய்ப் பத்திரம் எழுதியதில்லை. மதாம் கண்ணாடி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

— கேக்க மாட்டா. அறுபத்திரண்டு வயசு வரைக்கும் கண்ணாடியே போடாதவ, உங்க முன்னாடியா போடுவா? அது சரி, அந்த வரைபடம் எங்க பிடிச்சீங்க? வோஷோ, பெரோன்னு அவ்வளவு கச்சிதமா எழுதியிருக்கே!

— எழுதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் போன வருஷம் மழைநீர்க் குழாய் பதித்தார்களே, அந்த வரைபடம். கிழக்கே உங்கள் குடும்பம் படுத்திருக்கிறது, மேற்கே என் குடும்பம்.

— அப்ப அக்கா முத்தம் கொடுத்த அந்தச் சதுரம்?

— உங்கள் அப்பாதான்.

— நல்லவேளை. தப்பான ஆளுக்குக் கொடுக்கல.

— ஆன்செல்ம், எனக்காகச் சொந்த அக்காவிடம் இப்படி ஒரு நாடகம் ஆடியிருக்கிறாய். ஏன்?

— அஞ்சு வருஷமா சூப்புக்கு முன்னாடி நாலாம் பக்கம், கறிக்கு அப்புறம் ஏழாம் பக்கம். சோறு இறங்கலை, முசியே பெரோ. அதோட, நாப்பது வருஷமா பக்கத்து வரிசையில குனிஞ்சு நிக்கிற மனுஷனை முட்டைக்கோஸ் போட வெச்சுட்டு நான் எப்படிக் கொடி வெட்டுறது? யார்கிட்ட தீப்பெட்டி கேக்குறது?

— வரிசை எதுவும் மாறவில்லை அல்லவா? நிச்சயமாக?

— ஒரு காம்புகூட மாறல. நீங்க நேத்து உங்க கிழக்கைப் பறிச்சீங்க, நான் இன்னிக்கு எங்க மேற்கைப் பறிச்சேன். பன்னிரண்டும் மொட்டை. இனி யார் போய்ப் பார்த்தும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பனி மட்டும்தான் நிஜம்.

— அதுதான் என்னை உறுத்துகிறது. பட்டம் பிழைத்தது, அதில் சந்தோஷம். ஆனால் அந்த முதல் வாய் இருக்கிறதே, நான் வருவதற்கு முன்னால், எதுவும் தெரியாமல் அவர்கள் புகழ்ந்த அந்தப் புகழ், உங்கள் சாற்றுக்குத்தான் போயிற்று. நியாயமும் அதுதான். நானும் குடித்தேன், ருசியைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை. நேற்று என் தொட்டி நிறைந்தபோது நான் ஒரு சொட்டுக்கூட ருசிக்கவில்லை, தெரியுமா? பயம். கரும்பலகைத் தண்ணீர் என்று ஐந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கே வாயில் சாக்பீஸ் வருகிறது. கடிதத்தில் என் ஒயின் மிக நன்று என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி மட்டும் நாம் பறித்த பொய்.

— எங்க சாறா? எங்க திராட்சை இன்னும் கூடையிலதான் இருக்கு, முசியே பெரோ. மெஷின்ல சத்தம் கேக்குறதுக்காகத் தண்ணி ஊத்தி ஓட விட்டிருக்கேன். அந்த ஜாடி, நீங்க காலைல ரொட்டி வாங்கப் போயிருந்தப்ப உங்க தொட்டியிலிருந்து நான் மொண்டுட்டு வந்தது.